காண்டலும் கருதலும்

அறிவைப் பெறுதற்குரிய வழிகளை முன்னோர் அளவை என்னும் பெயரால் வகுத்துரைத்தனர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது கருதல். ஆற்றில் செந்நீர்ப் பெருக்கு வரக் கண்டவன், மேற்கே மலையில் மழை பெய்தது என்று துணிவான். இது கருதலுக்கு நெடுங்காலமாகக் காட்டப்பெறும் சான்று. இத்துணிவு பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஆயினும் மலையில் ஒரு துளியும் பெய்யாத நாளில் அணையின் மதகைத் திறந்துவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் வரும் அன்றோ? அப்போது வெள்ளம் என்னும் காட்சி மெய். மழை என்னும் கருத்து பொய். ஒரு விளைவிற்கு ஒரே காரணந்தான் உண்டு என்று எண்ணி, வேறு காரணம் உண்டோ என்று ஆராயாமல் விடுவதே கருதலில் நேரும் பெரும்பிழை.

இப்பிழை கல்லாதவர்க்கு மட்டும் உரியது அன்று. கற்றறிந்த அறிஞர்க்கும் நேரும். ஆனால் கற்றவர் தம் பிழையைத் தாமே கண்டு, தாமே உலகறியக் கூறித் திருத்திக்கொள்வர். அண்மைக் காலத்து வானநூல் ஆராய்ச்சி ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

1895ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். முறிந்த எலும்பைக் காட்டுதற்கு மருத்துவமனைகளில் பயன்படும் அக்கதிரை வானத்துப் பொருள்களும் வீசுகின்றன. பல நூறாயிரம் பாகை வெப்பத்திற்கு மேல் கொதிக்கும் வளிமம் எங்கு உண்டோ அங்கெல்லாம் எக்ஸ் கதிர் எழும். ஆனால் நிலவுலகைப் போர்த்திருக்கும் காற்று மண்டலம் அக்கதிரைத் தரைக்கு வரவிடாமல் தடுத்துவிடுகின்றது. உயிர்களுக்கு இது காப்பு; வானநூலார்க்கோ இது திரை. ஆதலின் அத்திரைக்கு அப்பால் கருவியை அனுப்பினாலன்றி எக்ஸ் கதிர் வானத்தைக் காண இயலாது.

1962ஆம் ஆண்டு சூன் திங்களில், ரிக்கார்டோ ஜியாக்கோனி என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு ராக்கெட்டின் தலையில் கருவியை வைத்து மேலே செலுத்தினர். சில நிமிடங்களே அக்கருவி வானத்தைக் கண்டது. அச்சில நிமிடங்களுக்குள் விருச்சிக மண்டலத்தின் திசையில் எக்ஸ் கதிரை மிகுதியாக வீசும் பொருள் ஒன்று உண்டு என்பது புலனாயிற்று. புதியதொரு வானநூல் அன்று பிறந்தது. அத்தொண்டிற்காக ஜியாக்கோனி 2002ஆம் ஆண்டில் நோபல் பரிசின் ஒரு பகுதியைப் பெற்றார்.

பின்னர் 1978ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் ஆய்வகம் என்னும் செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பெற்றது. எக்ஸ் கதிரைக் கொண்டு தொலைவானத்தின் உருவப்படங்களை எடுத்த முதல் பெருந்தொலைநோக்கி அதுவே. அது, நமது பால்வழிக்கு அண்டையிலுள்ள விண்மீன் திரள்களைப் படம் பிடித்தது. அண்டை என்பது வானநூலார் வழக்கு. ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர். அத்தகைய ஒளியாண்டுகள் பல இலட்சமும் பல கோடியும் கடந்து நிற்பவையே அவ்வண்டை வீடுகள். அத்திரள்களின் நடுவில் அல்லாமல், விளிம்பை ஒட்டியும் கிளைகளின் இடையிலும் சில புள்ளிகள் வியக்கத்தக்க பேரொளியுடன் திகழ்ந்தன. அவற்றுள் ஒவ்வொன்றும் எக்ஸ் கதிராக மட்டும் வீசிய ஆற்றல், நம் கதிரவன் எல்லாவகைக் கதிராகவும் வீசும் மொத்த ஆற்றலைப்போல் இரண்டரை இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது. இவையே மீயொளி எக்ஸ் கதிர் மூலங்கள் எனப்படுகின்றன. இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பெற்றுள்ளன.

இவற்றின் ஒளி ஏன் வியப்பிற்குரியது? விண்ணில் ஒரு பொருள் எவ்வளவு ஒளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதனை வகுத்தவர் ஆங்கிலேய வானநூலறிஞர் ஆர்தர் எடிங்டன். ஈர்ப்பு விசை மிகுந்த சிறு பொருள் ஒன்று, தன் அருகிலுள்ள விண்மீனிடமிருந்து வளிமத்தை இழுக்கின்றது. உள்ளே விழும் வளிமம் சூடேறி ஒளிர்கின்றது. அவ்வொளி வெளியே பாயும்போது, உள்ளே விழவரும் வளிமத்தைத் தள்ளுகின்றது. களத்தில் நெல் தூற்றும்போது இளங்காற்று வீசினால் பதர் மட்டும் பறக்கும். பெருங்காற்று வீசினால் நெல்லும் காலடியில் விழாது பறந்துபோகும். அதுபோல ஒளியின் தள்ளுவிசை ஈர்ப்பை மிஞ்சினால் வளிமம் உள்ளே விழாது; விழாவிட்டால் ஒளியும் இராது. ஆகவே எடைக்கேற்ற ஒளி என்பது ஒரு நியதியாகின்றது. கதிரவனின் எடையுள்ள பொருளுக்கு அவ்வெல்லை, கதிரவனின் ஒளியைப்போல் ஏறத்தாழ 33,000 மடங்கு. எடை பத்து மடங்கானால் எல்லையும் பத்து மடங்காகும்.

இந்நியதியைக் கொண்டு அறிஞர் கணக்கிடலாயினர். ஒரு மூலம் கதிரவனைப்போல் 33 இலட்சம் மடங்கு ஒளிருமாயின் அதன் எடை நூறு கதிரவன்களின் எடைக்குக் குறையாது அன்றோ? அத்துணை எடையைச் சிற்றிடத்தில் அடக்கிய பொருள் கருந்துளையாகவே இருத்தல் வேண்டும். இவ்வாறு அவர்கள் துணிந்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. விண்மீன்கள் இறந்து தோன்றிய சிறு கருந்துளைகளை அவர்கள் அறிவர். பால்வழியின் நடுவில் 40 இலட்சம் கதிரவன்களின் எடையுடன் அமர்ந்திருக்கும் பெருங்கருந்துளையையும் அறிவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை எங்கே என்பது அவர்தம் நெடுநாள் தேட்டம். தேடும் பொருள் கிடைத்துவிட்டது என்று நம்புவது மனித இயல்பு. எல்லாரும் அவ்வாறு நம்பிவிடவில்லை. ஐயுற்றவரும் மாற்று விளக்கம் தந்தவரும் இருந்தனர். எனினும் இவை கருந்துளைகளே என்பதில் பெரும்பாலோர்க்கு ஐயம் எழவில்லை. வெள்ளத்தைக் கண்டனர், மழையைத் துணிந்தனர், மதகை நினைத்தவர் மிகச் சிலரே.

வடவானில் எழுமுனிவர் விண்மீன்களை உடைய பெருங்கரடி மண்டலத்தின் திசையில் எம் 82 என்னும் விண்மீன் திரள் உள்ளது. அதன் தொலைவு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுகள். அதில் மீயொளி மூலங்கள் இரண்டு அருகருகே உள்ளன. 2014ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் மாலை, இலண்டன் நகரத்துப் பல்கலைக்கழக வானாய்வுக்கூடம் ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவர் நால்வர்க்குத் தொலைநோக்கியைக் கையாளும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். மேகங்கள் திரண்டு வந்தமையால் அன்றைய பாடத்தைச் சுருக்கிக்கொண்டு, மேகம் மூடாத ஒரு பகுதியில் எம் 82 திரளை அவர் நோக்கினார். முன்பு அங்கே இல்லாத விண்மீன் ஒன்று சுடர்விட்டது. சூப்பர்நோவா எனப்படும் பெருவெடிப்பு அது. மேகம் கவிந்த ஒரு மாலையில், பாடம் கற்க வந்த மாணவர் கண்முன்னே அச்செய்தி முதன்முதல் வெளிப்பட்டது. பயிற்சிக்குரிய சிறு கருவியும் விழிப்புள்ள கண்ணும் சேர்ந்தால் எத்துணைப் பெரும்பயன் விளையும் என்பதை மாணவர் இதனால் உணர்தல் வேண்டும்.

வெடிப்பின் செய்தி பரவியதும் உலகத்துத் தொலைநோக்கிகள் பலவும் எம் 82 பக்கம் திரும்பின. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கா விண்ணில் செலுத்திய நியூஸ்டார் என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் அவற்றுள் ஒன்று. அது பல நாட்கள் அத்திரளையே நோக்கி நின்றது. வெடிப்பைக் காணத் திருப்பிய கருவியில், எவரும் எதிர்பாராத ஒன்று பதிவாகியிருந்தது. அத்திரளிலிருந்து வந்த எக்ஸ் கதிர் 1.37 நொடிக்கு ஒருமுறை ஏறியும் இறங்கியும் துடித்தது. கடிகாரத்தின் ஒழுங்குடன் அத்துடிப்பு நிகழ்ந்தது. மத்தேயோ பக்கெட்டி என்னும் இத்தாலிய ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் அதனை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியிட்டனர்.

கருந்துளை இவ்வாறு துடிக்க இயலாது. கலங்கரை விளக்கம் சுழலும்போது கடலில் செல்வோர்க்கு அதன் ஒளி விட்டுவிட்டுத் தோன்றும். விளக்கு ஒரு கட்டடத்தில் பொருத்தப்பெற்றிருப்பதால்தான் அவ்வொழுங்கு அமைகின்றது. கருந்துளைக்கோ மேற்பரப்பே இல்லை. விளக்கைப் பொருத்த இடமும் இல்லை. வலிய காந்தமுனைகளை உடையதாய்ச் சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்றே அத்தகைய துடிப்பைத் தரவல்லது. பெரிய விண்மீன் இறக்கும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கிச் சுருங்கி எஞ்சுவது நியூட்ரான் விண்மீன். ஏறத்தாழ ஒன்றரைக் கதிரவன் எடை, ஒரு நகரத்தின் அளவான இருபது கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கியிருக்கும். நூறு கதிரவன் எடை இருக்கும் என்று எண்ணியதற்குரிய ஒளியை, ஒன்றரைக் கதிரவன் எடையுள்ள சிறு பொருள் வீசிக்கொண்டிருந்தது. எடிங்டன் வகுத்த எல்லைக்கு அது நூறு மடங்கு மேற்பட்ட ஒளி.

அருகருகே உள்ள இரு மூலங்களுள் துடிப்பது எது என்பதை நியூஸ்டாரின் பார்வை தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. அதனைத் தெளிவிக்கத் துணைநின்றது, 1999ஆம் ஆண்டில் செலுத்தப்பெற்ற சந்திரா என்னும் கூரிய பார்வையுடைய தொலைநோக்கி. அது சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களின் பெயரைத் தாங்கியது. துடிப்பது எம் 82 எக்ஸ்-2 என்னும் மூலமே என்று துணியப்பட்டது.

ஒரு சான்று கிடைத்தபின் கண்கள் மற்றவற்றையும் புதிதாக நோக்கின. என்ஜிசி 7793 என்னும் திரளில் உள்ள பி 13 என்னும் மூலத்தை, அதன் துணைவிண்மீனின் இயக்கத்தை அளந்து, அதன் எடை 15 கதிரவன்களுக்கு மேற்படாது என்று ஒரு குழுவினர் 2014ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். ஒளி மிகுதி எடை மிகுதியைக் காட்டாது என்பதை அவர்கள் உணர்ந்தும், அதனைக் கருந்துளை என்றே கொண்டனர். 2016ஆம் ஆண்டில் அதுவும் 0.42 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் நியூட்ரான் விண்மீன் என்பது வெளிப்பட்டது. என்ஜிசி 5907 என்னும் திரளில் உள்ள மற்றொரு மூலத்தின் துடிப்பு 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. 2003ஆம் ஆண்டில் 1.43 நொடியாக இருந்த அதன் சுழற்சிக் காலம் 2014ஆம் ஆண்டில் 1.13 நொடியாகக் குறைந்திருந்தது.

இங்கே சிந்தித்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் அத்துடிப்பு, அவ்வாண்டிலேயே ஐரோப்பியரின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்னும் தொலைநோக்கியில் பதிவாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்பதிவு சேமிப்பறையில் கிடந்தது. பரண்மேல் கிடந்த ஏட்டுச்சுவடியில் அரிய நூல் ஒன்று இருந்தும், அதனைப் பிரித்துப் பார்ப்பார் இன்மையால் அந்நூல் இல்லை என்று உலகம் எண்ணியதை ஒத்தது இது. அத்துடிப்பு மெல்லியது, இரு மீன்களும் ஒன்றையொன்று சுற்றுவதால் குழம்பித் தோன்றுவது, அதனைப் பிரித்தெடுக்கும் கணக்கும் கடியது. ஆதலின் அறிஞரைச் சோம்பர் என்று பழித்தல் தகாது. எனினும், இங்கே துடிப்பு இராது என்னும் முற்கருத்து, தேடும் ஊக்கத்தைக் குறைத்தது என்பதை மறுத்தலும் இயலாது. கருதல் அறிவிற்கு வழிகாட்டியாக இருத்தல் வேண்டும். வாயிற்கதவை அடைக்கும் தாழாகிவிடுதல் கூடாது.

அங்ஙனமாயின் எடிங்டன் கூறிய நியதி பொய்யோ என்று சிலர் வினவலாம். பொய்யன்று. எப்பக்கத்திலிருந்தும் வளிமம் ஒரே சீராக வந்து விழும் நிலைக்கு அவ்வெல்லை பொருந்தும். வலிய காந்தவிசை உடைய நியூட்ரான் விண்மீனில், வளிமம் காந்தமுனைகளின்மீது மட்டும் ஒடுங்கிய தாரையாக வீழ்கின்றது. ஒளி பக்கவாட்டில் வெளியேறுகின்றது. மிக வலிய காந்தப்புலத்தில் ஒளியின் தள்ளுவிசையும் குறையக்கூடும். இலக்கணநூலில் விதி கூறியபின் அவ்விதியில் அடங்காதவற்றிற்குப் புறனடை கூறுவது மரபு. புறனடை விதியை அழிப்பதில்லை. அதன் எல்லையை வரையறுத்து அதற்கு வலிவூட்டுகின்றது. புறனடையை மறந்து, எல்லா இடத்தும் விதியைச் செலுத்தும் மாணவனே பிழை செய்கின்றான்.

இவ்வளவோடும் ஆராய்ச்சியாளர் அமையவில்லை. ஒளி நம் திசையில் குவிந்து வருவதால் அது உள்ளதினும் மிகுதியாகத் தோன்றுகின்றதோ என்று சிலர் ஐயுற்றனர். அவ்வையமும் நேர்மையானதே. அதனைத் தீர்த்தற்குப் பக்கெட்டி குழுவினர் பல ஆண்டுகள் எம் 82 எக்ஸ்-2 துணைமீனைச் சுற்றிவரும் காலத்தை அளந்தனர். ஏறத்தாழ இரண்டரை நாளாகிய அக்காலம் மிகமிக நுண்ணிய அளவில் குறைந்து வந்தது. அக்குறைவைக் கொண்டு, அச்சிறு விண்மீன் ஆண்டுதோறும் நம் நிலவுலகின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு வளிமத்தைத் துணைமீனிடமிருந்து இழுத்துக்கொள்கின்றது என்று கணித்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்துணை வளிமம் விழுமாயின் கண்ட பேரொளி மெய்யான ஒளியாகவே இருத்தல் கூடும். ஒளியைக் கொண்டு எடையைக் கருதியவர்கள், இப்போது ஒளியை நம்பாமல் வேறொரு வழியால் அதனைச் சோதித்தனர். இதுவே கருதலைக் காண்டலால் உரைத்துப் பார்க்கும் முறை.

அறிவியல் இன்று ஒன்று கூறி நாளை வேறொன்று கூறுகின்றது. அதனை எங்ஙனம் நம்புவது என்று ஏளனம் செய்வாரும் உளர். மாறாமையே உண்மையின் இலக்கணம் என்று அவர் எண்ணுகின்றனர். மாறாதிருப்பது உண்மை; அதனை அறியும் மனிதரின் கருத்தோ மாறிமாறியே அதனை அணுகும். சான்று மாறியும் கருத்தை மாற்றாதவன் உறுதியுடையவன் அல்லன், பிடிவாதம் உடையவன். எடிங்டனின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீனுக்கு ஏறத்தாழ 1.4 கதிரவன் எடைக்குமேல் நிலைபேறு இல்லை என்பதைக் கணித்த சந்திரசேகர், 1935ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் வானநூற் கழகத்தில் அதனை எடுத்துரைத்தார். அப்போது அவர்க்கு அகவை 24. புகழின் உச்சியில் இருந்த எடிங்டன் அதே அவையில் எழுந்து அதனை எள்ளி மறுத்தார். காலம் இளைஞரின் கணக்கே சரி என்று காட்டியது. 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசும் அவரை நாடி வந்தது. ஆயினும் எடிங்டன் பிறந்த நூற்றாண்டையொட்டி 1982ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் அவர் புகழை விரித்துப் பேருரை ஆற்றியவரும் அச்சந்திரசேகரே. பெரியார் ஒருவர் ஒரிடத்தில் தவறினார் என்பதால் அவர் பெருமை முழுதும் அழியாது. அவர் பெரியார் என்பதால் அவர் தவறு சரியாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்தலே கல்வியின் பயன்.

இனி, முன்னைய பிழையைத் திருத்துவோர் புதியதொரு பிழையில் வீழாதிருத்தலும் வேண்டும். சில மூலங்கள் நியூட்ரான் விண்மீன்கள் என்று தெரிந்தமையால், எல்லாம் அவையே என்று துணிதல் ஆகாது. பெரும்பாலானவற்றில் இதுவரை துடிப்பு காணப்பெறவில்லை. 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற எச்எல்எக்ஸ்-1 என்னும் மூலம் ஏனையவற்றினும் பன்மடங்கு ஒளி மிக்கது; இடைப்பட்ட எடையுள்ள கருந்துளை என்பதற்கு அது இன்றும் வலிய சான்றாகக் கருதப்பெறுகின்றது. அணை திறந்ததால் வெள்ளம் வந்ததை ஒருநாள் கண்டவன், இனி மலையில் மழையே பெய்யாது என்று கூறுவானாயின் அவனும் நகைப்பிற்கு உரியவனே. ஒவ்வொரு வெள்ளத்திற்கும் அதனதன் காரணத்தைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒளிப்புள்ளியின் எடையை அறிவதால் உழவனுக்கு ஒரு மணி நெல் மிகுதியாக விளையப்போவதில்லை; நெசவாளனுக்கு ஓர் இழை கூடப்போவதும் இல்லை. ஆயினும் அவ்வாராய்ச்சி மனிதனுக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் வீட்டிற்கும் நாட்டிற்கும் உரியது. ஒருவர் கையில் பொருள் மிகுந்திருப்பதைக் கண்டு அவர் களவு செய்தார் என்று துணிவதும், ஒருவர் வாய் பேசாதிருப்பதைக் கண்டு அவர் அறிவிலார் என்று துணிவதும், ஒளியைக் கண்டு எடையைத் துணிந்தது போன்றனவே. அங்கே பிழைபட்டால் ஒரு விண்மீனுக்கும் கேடில்லை. இங்கே பிழைபட்டால் ஒரு மனிதனின் வாழ்வு கெடும். ஆதலின் கருதுவோர் காண்க. கண்டோர் மீண்டும் காண்க. தம் கருத்தினின்றும் மாறுபட்ட சான்று வருங்கால் நாணாது ஏற்க. அதுவே அறிவுடையார் செயலாகும்.